கரீஃப் முடியுமுன்

சலாலா, 3 ஜூலை 1987, வெள்ளிக்கிழமை

ஃபிக்ரி,

இங்கே கரீஃப் தொடங்கிவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணவில்லை. போன மாதம்வரை மண்ணும் கல்லுமாக நின்ற மலை. ஊர் முழுக்க மூடுபனி, தூறல். அலெக்சாந்திரியாவில் மழை வந்தால் நாம் கடைக்குள் ஓடி ஒதுங்குவோம். இங்கே பாயையும் ஃப்ளாஸ்க்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நனைவதற்கென்றே மலைக்குப் போகிறார்கள்.

நாங்களும் போனோம், மேலே எங்கும் பச்சை. எதிர் வீட்டுப் பாபிகர் தன் பிக்கப்பில் கூட்டிப் போனார். சூடான்காரர், எங்கள் மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர். கூடவே பக்கத்து வீட்டுத் துஃபூலும், இந்தத் தெருவிலேயே கடை வைத்திருக்கும் அவள் கணவன் பகீத்தும். துஃபூல் போன மாதம் என் கையால் பிள்ளை பெற்றவள். மலையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். "அக்கா, வெயிலே இல்லியே, எதுக்குக் குடை?" என்று துஃபூல் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். மடக்கிவிட்டேன். நம் சின்னவள் லம்யா சேற்றில் விழுந்து எழுந்து சிரித்தாள். நாஹித் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. யார் வரவில்லை என்று எண்ணுகிற வயது.

சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்பது உண்மை. வேலை எனக்குக் கிடைத்ததும் அது உனக்கு அவமானமாகப் பட்டதும் அதைவிட உண்மை. ஆனால் இந்தப் பச்சையைப் பார்த்ததும் முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. அதை எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இஃப்பத்

அலெக்சாந்திரியா, 21 ஜூலை

கண்ணியத்துக்குரிய இஃப்பத் அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல நடை. ஒரே ஒரு பிழை.

ஜூலை மாதம் கரீஃப் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். கரீஃப் என்றால் இலையுதிர் காலம். அரபி பேசுகிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயங்கள் மொத்தம் இரண்டோ மூன்றோதான். அவற்றில் இது ஒன்று. செப்டம்பர் கடைசியில் காடைகள் கடல் தாண்டி வந்து நம் கரையில் வலையில் விழும். அக்டோபரில் கடற்கரை நாற்காலிகளை அடுக்கிக் கட்டிவிடுவார்கள். நவம்பரில் மரங்கள் மொட்டையாகும். அதுதான் கரீஃப். நீ நனைந்தது கோடை மழையில். உன் கடிதத்தில் அந்தச் சொல்லை அடித்துக் 'கோடை' என்று மாற்றிவிட்டேன். கோபிக்காதே. பத்திரிகை ஆபீசில் இருபது வருடம் பிழை திருத்தியவன் கை சும்மா இருக்காது.

வீடு நன்றாக இருக்கிறது. மொலோகியாக் கீரை சமைத்தேன். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டது. வாசல்காரன் அப்து கேட்டான்: "உஸ்தாத், அம்மா பயிற்சி முடிஞ்சு எப்போ வர்றாங்க?" நீ பயிற்சிக்குப் போயிருப்பதாகக் கட்டடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். "கொஞ்சம் நீளமான பயிற்சிப்பா" என்றேன். "என்ன பயிற்சிங்க?" "பொறுமை." "அவங்களுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

குழந்தைகளைச் சேற்றில் விட்டுச் சளி பிடிக்க வைக்காதே.

ஃபிக்ரி

சலாலா, 7 ஆகஸ்ட், வெள்ளி

ஃபிக்ரி,

திருத்தியதற்கு நன்றி. மலைக்கும் சொல்லிவிடுகிறேன்.

இன்று தர்பாத் ஓடைக்குப் போனோம். அருவி, புல், புல்லில் மாடுகள், மாடுகளுக்கு நடுவே ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பகீத் கல்லைச் சுடவைத்து அதன்மேல் இறைச்சி வாட்டினான். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து நாஹித்துக்கும் லம்யாவுக்கும் முதலில் கொடுத்தான். தன் பிள்ளைகளுக்கு அப்புறம்தான். கொடுத்துவிட்டு இருவர் தலையையும் தடவினான். போன வெள்ளியும் அப்படித்தான். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது துஃபூல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அவரு எப்படி இறந்தாரு? நோயா?" என்றாள்.

தகப்பனில்லாப் பிள்ளைகளின் தலையைத்தான் அப்படித் தடவுவார்கள். எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நாஹித்தை உட்காரவைத்துக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "உங்கப்பா எங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்கம்மா. வரமாட்டேங்கறாருன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. சண்டைன்னு சொன்னா, என்ன சண்டைன்னு கேப்பாங்க. போன வருஷம் செத்துட்டாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்கல."

அடிக்கக் கை ஓங்கினேன். அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல் கையை இறக்கிக்கொண்டேன்.

எனவே ஒரே ஒரு முறை கேட்கிறேன். விசாத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். கரீஃப் முடியுமுன் வா. வந்து எங்கள் பாயில் எல்லோரும் பார்க்க உட்கார். கரீஃப் முடிந்தும் நீ வராவிட்டால், நாஹித் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டு, மம்தூஹ் அண்ணனிடம் விவாகரத்துத் தாள் கொடுத்தனுப்புவேன். மிரட்டல் இல்லை. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இஃப்பத்

அலெக்சாந்திரியா, 24 ஆகஸ்ட்

இஃப்பத்,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, ஒரு முன்னாள் மந்திரியின் மரண அறிவிப்பில் 'ஆழ்ந்த மகிழ்ச்சியுடன்' என்று இருந்ததைத் திருத்தாமல் அச்சுக்கு விட்டுவிட்டேன். ஆசிரியர் கூப்பிட்டுக் கத்தினார். மந்திரியின் குடும்பத்திலிருந்து யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

நான் செத்ததற்கு நாஹித்தைத் திட்டாதே. சின்ன வாக்கியம், பிழையும் இல்லை.

வருகிறேன். நீ கரீஃப் முடியுமுன் என்றாய். கடைசி நாள்வரை இழுக்கமாட்டேன், நடுவிலேயே வந்துவிடுவேன். காடைகள் வந்து இறங்கட்டும், நானும் கிளம்புகிறேன். செய்துமுடிக்க இங்கே ஒரு காரியம் இருக்கிறது. நேரில் சொல்கிறேன், எழுதினால் பெரிதாகத் தெரியும். நல்ல வேளை, கெடுவைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறாய்.

நாஹித்திடம் சொல். செத்தவர் பயணத்துக்குத் துணி எடுத்து வைக்கிறார்.

ஃபிக்ரி

சலாலா, 11 செப்டம்பர், வெள்ளி

ஃபிக்ரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. கரீஃபின் நடுவில் வருவதாக எழுதியிருந்தீர்கள். நடு போய் ஒரு மாதமாகிறது. தாராளமான கெடு என்றும் எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு தரம் படித்தேன். கேலி என்று புரிய இரண்டு தரம் தேவைப்பட்டது.

இருந்தாலும் கெய்ரோ விமானம் வரும் நாளெல்லாம் போனேன், முட்டாள் மாதிரி. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, நல்ல உடுப்புப் போட்டு. மூன்றாவது தடவை நாஹித் வண்டியிலிருந்து இறங்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. நான் பாபிகர் மாமாவோட இருக்கேன்" என்றாள்.

இன்று மலைக்குப் போனோம். பனி விலகிவிட்டது. வெயில் வந்துவிட்டது. கூட்டம் பாதியாகிவிட்டது. அருவியில் தண்ணீர் நூலாக இறங்குகிறது. பகீத் வானத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் கரீஃப் முடிஞ்சுது, அடுத்த வருஷந்தான்" என்றான்.

போன வாரம் இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து துக்கம் விசாரிக்க வந்தார்கள். தாமதமாகத் தெரிந்ததாம், மன்னிப்புக் கேட்டார்கள். சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் புருஷன் அலெக்சாந்திரியாவில் சுகமாக இருக்கிறான், எங்களைப் பார்க்க வர அவனுக்கு மனமில்லை என்று சொல்லவேண்டும். சோற்றை வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது. வாங்கிக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன், ஃபிக்ரி. ஒருத்தி எனக்காகத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மம்தூஹ் அண்ணனுக்கு எழுதிவிட்டேன். தாளோடு வருவார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இஃப்பத்

அலெக்சாந்திரியா, 2 அக்டோபர்

இஃப்பத், இஃப்பத்,

கரீஃப் முடிந்துவிட்டதா? இங்கே இப்போதுதானே தொடங்குகிறது! நாற்காலிகளை இன்னும் கட்டவே இல்லை!

உன் கடிதத்தைப் படித்து நீ பைத்தியமாகிவிட்டாய் என்று நினைத்தேன். பிறகு அகராதியை எடுத்தேன். என் மேசைமேல் இருப்பதுதான். ஆபீசில் எல்லோரையும் அதை வைத்துத்தான் வாயடைப்பேன். கரீஃப் என்ற சொல்லுக்கு முதல் பொருள் இலையுதிர் காலம். அதன் கீழே, அதே பக்கத்தில், 'அக்காலத்து மழை; மழைக்காலம் எனவும் வழங்கும்' என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நூறு தரம் திறந்திருப்பேன். முதல் பொருளோடு நிறுத்திவிடுவது வழக்கம்.

நீ ஜூலையிலேயே எழுதினாய். தூறல், பனி, பச்சை எல்லாம் எழுதினாய். நான் அடித்துத் திருத்தினேன்.

இன்று காலை தபால் நிலையத்துக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். 'கரீஃப் பிழை. வருகிறேன்.' கொடுத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான், பிழை உன்னுடையது என்றுதான் அது படிக்கப்படும் என்று தோன்றியது. திரும்ப உள்ளே போனேன். அனுப்பிவிட்டேன் என்றான் குமாஸ்தா.

உன் அண்ணன் மம்தூஹ் வந்தார். தேநீர் கொடுத்தேன். தாளை நீட்டினார். அதில் நான்கு எழுத்துப் பிழை. ஒன்றையும் திருத்தவில்லை. கையெழுத்தும் போடவில்லை. "யோசிச்சுப் போடுங்க மச்சான். அவ உறுதியா இருக்கா" என்றார். பெட்டியில் வைத்திருக்கிறேன்.

செய்துமுடிக்க ஒரு காரியம் இருக்கிறது என்று எழுதினேனே, அது இதுதான்: வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். ஆகஸ்டிலேயே. செப்டம்பர் முடியும்வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் பார்க்க வரவில்லை, இருக்க வருகிறேன். இதை முதலிலேயே எழுதியிருந்தால் என்ன என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை. பதினைந்தாம் தேதி விமானம். கதவைத் திறக்க மாட்டாயா?

ஃபிக்ரி

சலாலா, பாபிகர் வீடு, 17 அக்டோபர்

இஃப்பத்,

எதிர் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற நிலைமைக்கு வந்திருக்கிறேன். பாபிகரின் மகள் கொண்டுவந்து தருவாள்.

நேற்று முன்தினம் பெட்டியோடு உன் கதவைத் தட்டியபோது நாஹித் திறந்தாள். என்னைப் பார்த்து வெளுத்துப்போனாள். தெருவில் நின்ற துஃபூல், "யாருடி அது?" என்றாள். நாஹித் என் முகத்தைப் பார்த்தபடியே, "சித்தப்பா. எங்கப்பாவோட தம்பி" என்றாள். நீ உள்ளே நின்றிருந்தாய், உன் மூச்சு கேட்டது. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தன் தனியாக இருக்கும் பெண் வீட்டில் தங்கக்கூடாது என்று துஃபூலே என் பெட்டியைத் தூக்கிப் பாபிகர் வீட்டுக்குள் வைத்தாள். பாபிகருக்கு விஷயத்தைச் சொன்னேன். தரையில் புரண்டு சிரித்தார். பிறகு நிறுத்தி, "மன்னிச்சுக்குங்க உஸ்தாத்" என்றார். அதுதான் வலித்தது.

நேற்று எல்லோரும் மலைக்குப் போனோமே. நீ பெண்கள் பாயில் இருந்தாய், திரும்பியே பார்க்கவில்லை. மலை காய்ந்து கிடக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லை. ஆண்கள் பாயில் என்னை நடுவில் உட்காரவைத்து, என் மறைவுக்கு என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். பகீத், "உங்க அண்ணன் எப்படிப்பட்டவரு?" என்றான். நல்லவர் என்று சொல்ல வந்தேன். சான்று கேட்டால் என்ன செய்வது? "படிச்சவரு" என்றேன். "அண்ணி அவரப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல" என்றான் பகீத். நீ என்னைப் பற்றி என்னதான் சொன்னாய்?

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பகீத் தொண்டையைக் கனைத்தான். "தம்பி, இங்க ஒரு வழக்கம் இருக்கு. அண்ணன் போயிட்டா, அவரு குடும்பத்தத் தம்பி ஏத்துக்கறது. பிள்ளைங்க வெளி ஆளுகிட்ட வளரக்கூடாது பாருங்க. நீங்க வாயத் திறந்து கேக்க வெக்கப்படுவீங்க. நாங்களே கேட்டுச் சொல்றோம்."

இஃப்பத், என் மனைவியை எனக்குக் கட்டிவைக்கப் பேச வருகிறார்கள். நான் என்ன செய்ய?

ஃபிக்ரி

சலாலா, 19 அக்டோபர்

ஃபிக்ரி,

பேச வந்தாயிற்று. துஃபூல் புது உடுப்புப் போட்டு, அதில் வாசனைப் புகை ஏற்றிக்கொண்டு வந்தாள். "அக்கா, கன்னிப் பொண்ணுன்னா பேசாம இருந்தாலே சம்மதம். நீங்க புருஷன இழந்தவங்க, வாயத் திறந்து சொல்லியாகணும்" என்றாள்.

"அவரு அண்ணன மாதிரியே இருப்பாரா?" என்று கேட்டேன்.

"ஜாடை அப்படியேன்னு நாஹித் சொன்னா."

"ஜாடை பரவாயில்லை. குணத்தப் பத்தித்தான் பயம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். சரி என்றால் காஜியார் முன்னால் பொய் சொல்லவேண்டும். இல்லை என்றால் நீ ஊருக்குத் திரும்பவேண்டும்.

உன் கடிதம், தந்தி எல்லாம் கிடைத்தன. தந்தியைப் பார்த்து அதைக் கிழித்தேன். கடிதம் வந்தபின் ஒட்டினேன். ஆனால் இது ஒரு சொல்லால் வந்த வினை என்று நீ நினைத்தால் அது இன்னொரு பிழை. நான் பச்சையைப் பற்றி எழுதினேன், உன் ஞாபகம் வந்தது என்று எழுதினேன். உன் கண்ணில் பட்டது கரீஃப் மட்டும்.

இப்போது அதெல்லாம் பெரிதில்லை. நாஹித் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வயிறு வலிக்கிறது என்கிறாள். தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் சொன்னாள்: "தகப்பனில்லாத பிள்ளைங்களோட பங்க ஏமாத்தித் தின்னா வயித்துல நெருப்புன்னு டீச்சர் சொன்னாங்கம்மா. நான் எத்தனை வாரம் தின்னேன்!" உண்மை வெளியே வந்தால் இந்தத் தெருவில் அவளுக்கும் லம்யாவுக்கும் முகமில்லை. வராவிட்டால் அவளுக்குத் தூக்கமில்லை.

நான் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். உன்னைக் காஜியார் முன் கட்டிக்கொள்ளவும் மாட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் செய். தெரியாவிட்டால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சித்தப்பாவாகவே கிளம்பிப் போ.

இஃப்பத்

சலாலா, பாபிகர் வீடு, 23 அக்டோபர், வெள்ளி

இஃப்பத்,

நீ கேள்விப்பட்டிருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன்.

தொழுகை முடிந்து பகீத் வீட்டில் ஆண்கள் கூடினார்கள். காப்பி ஊற்றினார்கள். நல்ல செய்தி சொல்லப்போகும் முகத்தோடு எல்லோரும் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, "நான் தம்பி இல்லை. ஃபிக்ரி நான்தான்" என்றேன்.

"அப்ப செத்தது யாரு?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி.

"நான்தான். நான் செத்துட்டதா என் மகளுக்கு நானே சொல்லி அனுப்பினேன். அவ நம்பிட்டா. அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது. போன வாரம் வாசல்ல, சித்தப்பான்னு சொல்லுன்னு நான்தான் கண்ணக் காட்டினேன். வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு அப்படிச் சொல்லி அனுப்பின?" பகீத் மரியாதையை விட்டுவிட்டான்.

"இவங்க என்னத் தேடக்கூடாதுன்னு."

என் வாழ்நாளில் என்னை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பகீத், "பத்து வயசுப் பிள்ளைகிட்டயா?" என்றான், மெதுவாக. பிறகு என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்து, காப்பியை வாசலில் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தான். வெளியே வரும்போது அந்தப் பெரியவர் பின்னால் சொன்னது காதில் விழுந்தது: "செத்தவன் எவ்வளவோ மேல்."

சொன்னதில் எந்த வாக்கியம் பொய், எது உண்மை என்று பாபிகர் வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். செய்தி அனுப்பியது பொய். மிச்சத்தில் பொய்யென்று அடிக்க எதுவும் அகப்படவில்லை.

நாஹித்திடம் சொல்: அவள் தின்றது ஏமாற்றித் தின்றதல்ல. அந்த வாரங்களில் அவளுக்குத் தகப்பன் இல்லைதான்.

மம்தூஹ் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டு இதனுள் வைத்திருக்கிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளலாம். நான் ஊர் திரும்புவதாக இல்லை. பாபிகர் வீட்டுக்காரம்மா இன்னும் என்னோடு பேசுகிறாள். துறைமுகத்தில் யாருக்காவது எழுதப் படிக்கத் தெரிந்தவன் தேவைப்படலாம்.

ஃபிக்ரி

சலாலா, 24 அக்டோபர்

ஃபிக்ரி,

காலையில் துஃபூல் ஒரு சட்டி சோறு கொண்டுவந்தாள். "அக்கா, அன்னிக்குக் குடுத்தது அவரு செத்ததுக்கு. இது உயிரோட இருக்கறதுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். தெருவில் எல்லோருக்கும் இப்போது என்மேல் இரட்டிப்புப் பரிதாபம். பிள்ளைகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாஹித்தின் தலையை முன்பைவிட அதிகமாகவே தடவுகிறார்கள்.

நான் உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன், முழுவதும். கடிதத்தை வாங்கி அவளே ஒரு தரம் படித்தாள். பிறகு, "நான்தானே சொன்னேன். அப்பா ஏன் தான் சொன்னதா சொன்னாரு?" என்றாள். "போய்க் கேளு" என்றேன். "கோபமா இருப்பாரா?" என்றாள். தெரியாது என்றேன். அந்தச் சோற்றில் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். நீ கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இப்போது எதுவும் கேட்காதே.

இன்று மாலை, கடைத்தெரு கூடுகிற நேரத்தில், நாஹித் வந்து பாபிகர் வீட்டுக் கதவைத் தட்டுவாள். கடிதம் கொடுக்க வருகிறாள் என்று நினைத்து உள்ளே கூப்பிடாதே. வாசலில் நின்றுகொண்டு உரக்க 'அப்பா' என்று கூப்பிடப் போகிறாள். பகீத் தன் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பான். யாரும் உனக்குச் சலாம் சொல்லமாட்டார்கள். நீ பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொள், இன்னொரு கையை அவளிடம் கொடு. தெருவைக் கடக்கிற தூரம்தான், ஆனால் அவள் தெருக் கோடிவரை சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன் என்கிறாள். எல்லோரும் பார்க்கவேண்டுமாம்.

அவள் போகிற வேகத்தில் நட.

இஃப்பத்